செம்பு பெற்ற நிறம்

செம்புக் குடத்தின் கழுத்துச் சந்தில் பச்சையாகப் படியும் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பது, நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. பெண்ணாடத்தில் அந்தக் களிம்புக்குக் கூடுதலாக ஒரு மரியாதை உண்டு. மெய்கண்டார் பிறந்த ஊர் இது. 13ஆம் நூற்றாண்டில் அவர் அருளிய சிவஞானபோதத்தின் மேல் எழுந்து நிற்கிற சைவ சித்தாந்தம், உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று செம்பில் களிம்பு. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு என்பது அதன் உட்பொருள். வேதியியல்காரரிடம் கேட்டால், செம்போடு காற்றும் ஈரமும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்பார். தாமிரக் கார்பனேட்டு என்று அதற்குப் பெயரும் சொல்வார். புளியிலுள்ள அமிலம் பட்டால் அது கரைந்து ஓடிவிடும்.

பிள்ளை படுக்கும் அறைக்கு மயில்கழுத்துக் கலர் வேண்டும் என்று கேட்டு பெயின்ட் கடைக்கு வருகிறவர்கள் இன்று பலர். பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நிறம். அது பிறந்த இடத்தைத் தேடிப் போனால் திரும்பத் திரும்பச் செம்பின் வாசலில்தான் போய் நிற்போம். எகிப்தியர்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மணலையும் சுண்ணாம்பையும் செம்பையும் சேர்த்துச் சூளையில் சுட்டு நீலம் எடுத்தார்கள். பீங்கானின் மெருகுக்குப் பச்சைநீலம் ஏற்றுவதும் செம்புதான். ஆனால் செம்பு எதனோடு கூடியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் கூட்டைப் பொறுத்து இதே நிறம் சுவரைக் காத்திருக்கிறது, பிள்ளைகளைக் கொன்றும் இருக்கிறது. பிள்ளைக்காக நிறம் பார்க்கிற எவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

நம் பக்கத்துச் சுவருக்கு இந்த நிறத்தைக் கொடுத்தவற்றில் மயில்துத்தம் ஒன்று. கிழக்கே பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்துக் கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. தெற்கே அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அரியலூர்க் கல்லும் டைனோசர் காலத்துக் கடலின் அடியில் படிந்ததுதான், அதனால் இரண்டுமே கடல் தந்த வெள்ளை. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, சுவரில் பிடிக்கட்டும் என்று வடிகஞ்சியும் கொஞ்சம் உப்பும் சேர்த்துப் பூசுவார்கள். துத்தத்தைத் தனியே தண்ணீரில் கரைத்து இதில் ஊற்றினால் கலவை சட்டென்று வெளிர்நீலமாகத் திரியும். துத்தம் என்பது செம்பின் சல்பேட்டு. சுண்ணாம்பு அதிலிருந்து செம்பைப் பிரித்துத் தாமிர ஹைட்ராக்சைடாக்குகிறது, அந்த நீலம் அதனுடையது. பூசிய பிறகும் சுவர் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி, நீலத்திலிருந்து பச்சையை நோக்கி நகர்கிறது. குடத்துக் களிம்பின் உறவுக்காரச் சரக்குத்தான் சுவரிலும் உருவாகிறது.

இந்தக் கலவை வயலிலும் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கும் திராட்சைக்கும் அடிக்கிற போர்டோ கலவை என்பது துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர்தான். பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சைக் குலைகளை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க இந்த நீலத் தண்ணீரைத் தெளித்து வைத்திருந்தார்கள். அப்படித் தெளித்த கொடிகளை மட்டும் பூஞ்சை தொடவில்லை என்பதைக் கண்ட பேராசிரியர் மில்லார்டே, 1885இல் அதை மருந்தாக உலகுக்கு அறிவித்தார். வெள்ளாற்றங்கரை மாதிரி ஈரம் ஏறும் ஊரில் துத்தச் சுண்ணாம்பு பூசிய சுவரில் பூஞ்சை எளிதில் பிடிக்காததற்கும் இதுவே காரணம். குறைகளும் உண்டு. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். எவ்வளவு துத்தம் போட்டாலும் மயில்கழுத்தின் ஆழம் வராது, வெளிர்ந்தே நிற்கும். துத்தக் கட்டியோ விஷம். பிள்ளைகள் கையில் அகப்படாமல் வைக்க வேண்டிய பொருள்.

தென்னாற்காட்டுக்குச் சொந்தமாக இன்னொரு நீலமும் இருந்தது. அவுரிச் செடியை அறுத்துத் தொட்டியில் ஊறவைத்து, பச்சையும் மஞ்சளுமாக இறங்கும் தண்ணீரைத் துடுப்பால் அடித்து அடித்துக் காற்றேற்றினால் நீலம் அடியில் தங்கும். அதை வடித்து, காய்ச்சி, கட்டியாக்கி விற்றார்கள். புதுச்சேரியில் சாயம் ஏறிய நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேறியது. இன்றும் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி பயிராகிறது, ஆனால் அன்றைய பெருவணிகம் போய்விட்டது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செடியே இல்லாமல் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது உலகில் ஆண்டுக்குச் சுமார் 19,000 டன் செடி நீலம் உற்பத்தியானது. 1914இல் அது சுமார் 1,000 டன். இடையில் எத்தனை தொட்டிகள் வறண்டிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்த ஆலை நீலம் வந்த வழியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தலீன், அதாவது பீரோவில் துணிக்கு நடுவே போடும் உருண்டையின் சரக்கு, தாலிக் அன்ஹைட்ரைடாக மாறியது. அதில் அம்மோனியா சேர்த்ததும் தாலிமைடு. அங்கிருந்து இரண்டு மூன்று படி தாண்டினால் நீலம். அவுரியை வீழ்த்திய வழியில் தாலிமைடு ஒரு நடுப்படி.

இதற்கெல்லாம் வெகு முன்பே ஐரோப்பா செம்பை மிகத் தவறான துணையோடு சேர்த்துவிட்டிருந்தது. 1775இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் கூட்டி ஒரு பச்சை செய்தார். 1814இல் ஜெர்மனியின் ஸ்வைன்ஃபர்ட் நகரத்தில் அதைவிடப் பளிச்சென்ற, நீலச் சாயல் ஓடிய மரகதப் பச்சை வந்தது. அது மலிவாகவும் கண்ணைப் பறிப்பதாகவும் இருந்தது. சுவர்த்தாளில், திரையில், துணிப்பூவில், விளையாட்டுச் சாமானில், சில இடங்களில் மிட்டாயில்கூட அது ஏறியது. ஈரமான அறையில் பச்சைத் தாள் ஒட்டியிருந்தால் ஒரு கெட்ட வாடை வருகிறது, அது ஆபத்து என்று 1839இலேயே ஜெர்மனியில் க்மெலின் என்ற வேதியியலாளர் எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு. 1862இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் நால்வர் அடுத்தடுத்து இறந்தார்கள். தொண்டை அடைப்பான் என்று முதலில் நினைத்தார்கள். அவர்கள் புழங்கிய அறையின் பச்சைச் சுவர்த்தாளில் ஆர்சனிக் நிறைந்திருந்தது. ஈரத்தில் வளரும் பூஞ்சை அந்தத் தாளைத் தின்று நச்சு வாயுவை விடுகிறது என்பதை 1890களில் இத்தாலியின் கோசியோ காட்டினார். அந்த வாயுவைவிட, தாளிலிருந்து உதிர்ந்து விரலிலும் வாயிலும் போன தூளே பெரிய எமனாக இருந்திருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எதுவானாலும் பிள்ளைகளின் மூச்சும் விரலும்தான் பலியாகின. சுவரைத் தடவி, விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்குகிற வயது அது.

நம் கதையின் நாயகனான நீலம் பிறந்தது லைம்ஹவுஸ் சாவுகளுக்கு வெகு காலம் கழித்து. அதுவும் மூன்று முறை பிறந்தது. முதல் தடவை 1907இல், லண்டனில் ஒரு எரிவாயுக் கம்பெனியின் வேதியியலாளர்கள் பிரவுனும் செர்னியாக்கும் வேறொன்றைச் சூடாக்கும்போது நீலமாக ஏதோ மிஞ்சியது. ஓரிரு வரியில் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை 1927இல், சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில் டி டீஸ்பாக்கும் வான் டெர் வைடும் செம்பைச் சேர்த்து வேறு சரக்கு செய்யப் போக, அடர்நீலப் பொடி வந்தது. அமிலத்துக்கும் காரத்துக்கும் சூட்டுக்கும் அது அசையவில்லை என்று வியந்தார்கள். அதோடு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் தடவை 1928, ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத். ஸ்காட்டிஷ் டைஸ் ஆலையில் தாலிமைடு செய்துகொண்டிருந்தார்கள். நாம் நினைவில் வைத்துக்கொண்ட அந்தத் தாலிமைடுதான். உருகிய தாலிக் அன்ஹைட்ரைடில் அம்மோனியாவைச் செலுத்துகிற இரும்புக் கொப்பரைக்கு உள்ளே எனாமல் பூச்சு இருந்தது. ஒரு கொப்பரையில் அந்தப் பூச்சு விரிசல் விட்டு, இரும்பு வெளியே தெரிந்தது. வெள்ளையாக வரவேண்டிய சரக்கில் நீலம் பாய்ந்த கருமையான துகள்கள் கலந்து வந்தன. கெட்டுப்போன சரக்கு என்று கொட்டிவிட்டிருக்கலாம். கொட்டவில்லை. டான்ட்ரிட்ஜ் முதலிய அந்த ஆலையின் வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இரும்பு இருந்தது. இரும்புக்குப் பதில் செம்பை வைத்துச் செய்தபோது இன்னும் அழகான நீலம் வந்தது. அறிவியலில் அதிர்ஷ்டம் என்று பேசுகிறார்கள். அதிர்ஷ்டம் இந்தக் கதவை முன்பே இரண்டு முறை தட்டியிருந்தது. மூன்றாம் முறை உள்ளேயிருந்தவர்கள் எழுந்து வந்து திறந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் லின்ஸ்டெட், 1930களின் முற்பாதியில் இதன் அமைப்பைக் கண்டுபிடித்துத் தாலோசயனின் என்று பெயர் வைத்தார். ஒரு பெரிய வளையம், அதன் நட்டநடுவே ஒரு செம்பு அணு. இலையின் பச்சையத்தில் இதே சாயலுள்ள வளையத்தின் நடுவே மக்னீசியம் இருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. இலையும் ரத்தமும் சுவரும் ஒரே குடும்ப முகவெட்டு. 1935 நவம்பரில் ஐ.சி.ஐ. நிறுவனம் மோனாஸ்ட்ரல் நீலம் என்று இதை விற்பனைக்கு விட்டது.

பச்சை அதற்குச் சில ஆண்டுகளுக்குள் வந்தது. வளையத்தின் வெளிவிளிம்பில் 16 ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. அவற்றை நீக்கிக் குளோரினை ஏற்றினால் நீலம் பச்சையாகிறது. 14, 15 குளோரின் ஏறியதும் நல்ல பச்சை. இந்த நீலத்தையும் பச்சையையும் கலந்து, நிறைய வெள்ளையில் கரைத்தால் மயில்கழுத்திலிருந்து கடல்பச்சை வரை எந்தச் சாயலும் கிடைக்கும்.

பிள்ளையின் அறைக்கு இதில் என்ன முக்கியம் என்றால், செம்பு இதில் வசமாகச் சிறைப்பட்டிருக்கிறது. 500 டிகிரிச் சூட்டையும் தாங்கும். அடர்ந்த கந்தக அமிலத்தில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினால் அதே நீலம் திரும்பி வந்து படியும். குடத்துக் களிம்பைப் போலப் புளிக்கு இளகாது, துத்தத்தைப் போலத் தண்ணீரில் கரையாது. அறுவை சிகிச்சையில் உடம்புக்குள் போடும் தையல் நூலுக்கே இந்த நீலத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்திருக்கிறது. லைம்ஹவுஸ் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது. அதனால் அந்த நிறம் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் நிறத்தைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ஈயத்துக்கு. பழைய எனாமல் பெயின்டில் மஞ்சளுக்கு ஈய குரோமேட்டைப் போட்டார்கள், அந்த மஞ்சளோடு நீலத்தைக் கலந்து பச்சையும் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிள்ளைகள் கை கால் துவண்டு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். திண்ணைக் கம்பிகளிலும் சுவர்களிலும் பூசி வெயிலில் பொடியாகும் ஈய பெயின்ட்தான் காரணம் என்று கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் எழுதினார். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த அறிவிப்பு டப்பாவின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும், படித்துப் பார்த்து வாங்கலாம். அதற்கு முந்தைய கதவும் ஜன்னலும் கம்பியும் நம் வீடுகளில் அப்படியே இருக்கின்றன. புதுப் பூச்சு ஏற்றுமுன் அவற்றை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் பறக்கிற தூள்தான் ஆபத்து. தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அந்த வேலை முடிந்து தரையைத் துடைத்து எடுக்கும்வரை பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஒரு டப்பா பெயின்ட் பல ஊர்களின் கூட்டுச் சரக்கு. வெள்ளைக்கான டைட்டானியம் டையாக்சைடைக் கேரளத்தின் சவராவில் கடற்கரை மணலிலிருந்து எடுக்கிறார்கள். தாலோசயனின் நீலமும் பச்சையும் குஜராத்தின் அங்கலேஸ்வர், வாபி பக்கத்து ஆலைகளில் பெருவாரியாக உற்பத்தியாகின்றன. எனாமலின் பிசினுக்கு வேண்டிய பென்டாஎரித்ரிட்டால் நம் கடலூர் சிப்காட்டிலேயே செய்யப்படுகிறது. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தங்கள் காற்றுக்காகவும் கிணற்றுத் தண்ணீருக்காகவும் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். நம் பிள்ளையின் சுவர் நஞ்சில்லாமல் இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிற அதே மனதோடு அந்தக் குரலையும் கேட்க வேண்டும்.

அக்கா மகள் பெண்ணாடத்து வீட்டில் தன் பெண்ணுக்கு என்று ஒரு அறையை ஒதுக்கி, கலர் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தாள். கடையில் ஷேடு கார்டை விரித்தால் பச்சைநீலம் மட்டுமே பக்கம் பக்கமாக ஓடியது. குழந்தை ஒன்றில் விரலை வைத்து, "பாட்டி, இது மயிலு" என்றாள். கூட வந்த பெயின்டர் அவசரப்படவில்லை.

"அம்மா, கார்டுல பாக்குறது ஒண்ணு, செவுத்துல ஏறுறது ஒண்ணு. இதுலயும் இதுக்கு ரெண்டு படி கம்மிலயும் சின்ன டப்பா வாங்கிக்குங்க. ரெண்டு கோட்டு அடிச்சு விடுறேன். பகல்லயும் பாருங்க, ராத்திரி லைட்டு போட்டும் பாருங்க. அப்பறம் சொல்லுங்க."

அனுபவஸ்தரின் பேச்சு. ஈரத்தில் பார்க்கும் எமல்ஷன் காய்ந்தால் ஒரு பிடி கருக்கும். சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர், காயக் காய வெளுக்கும். பச்சைநீலம் மற்ற நிறங்களைவிட வெளிச்சத்துக்கு அதிகமாக மசிகிற நிறம். மஞ்சள் பல்பின் கீழே பச்சையாகச் சாயும், வெள்ளை டியூப்லைட்டில் நீலமாகத் திரும்பும். நான்கு சுவரிலும் பூசினால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, கார்டில் பார்த்ததைவிட அடர்ந்து தெரியும். மெஷினில் வெள்ளை பேஸை வைத்துப் பொத்தானை அமுக்கியதும் பச்சை கொஞ்சம், நீலம் கொஞ்சம், கறுப்பு ஒரு துளி என்று சொட்டின. அந்தக் கொஞ்சமே போதும், தாலோசயனினின் வீரியம் அப்படி.

வடக்குச் சுவரின் அடியில் ஓதம் ஏறியிருந்தது. பட்டி உப்பிக்கொண்டு, விரலால் தொட்டால் உதிர்ந்தது. அதன் மேல் எந்த மயிலை ஏற்றினாலும் அடுத்த ஐப்பசி மழைக்குள் பறந்துவிடும். வெளிப்பக்கம் சுவரோரம் தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி, உள்ளே பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிடுவது என்று முடிவானது. மற்ற மூன்று சுவரில், கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் மயில்கழுத்து. மீதி இரண்டுக்கும் அதே நிறத்தின் மிக வெளிர்ந்த சாயல். அடித்துக் காட்டிய இரண்டு கட்டங்களில் எது என்பதை அம்மாவும் பெயின்டரும் நானும் பேசிப் பேசி முடிக்காமல் நிற்க, குழந்தை பச்சை கூடுதலாக இருந்ததன் எதிரே தன் தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். கடைக்காரர் ஷேடு நம்பரை பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். வடக்குச் சுவர் காய்ந்த பிறகு மறுபடி கலக்க அந்த நம்பர் வேண்டும்.